வெள்ளிக்கிழமை டாக்கோ

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவள் யோகம்தான். கடையைப் புதிதாக எடுக்கவிருந்த இட்செல், வியாழன் மதியம் வந்து சமையலைப் பார்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரை யோகம் பார்த்தாள். வியாழனுக்குக் கீழே மரணயோகம் என்று போட்டிருந்தது. "வெள்ளி நல்லது, மதியத்துக்குப் பிறகு" என்றாள். இராகு காலம் கழியவேண்டும் என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலையில் மருத்துவரிடம் ஒரு டெர்மின் இருப்பதாகச் சின்னப் பொய்யொன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

ஹம் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மெக்சிக்கோ உணவகத்துக்கு ஸ்பானிய மொழியில் ஒரு பெயர் இருந்தது. தமிழ்ச் சனம் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. வாசலில் பச்சை விளக்கில் ஒரு கள்ளிச்செடி எரியும். அதனால் அது கள்ளிச்செடிக் கடை. யோகம் கலியாணமாகி ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் வருடம் அங்கே கோப்பை கழுவப் போனாள். பிறகு வெங்காயம் வெட்டினாள். பழைய சமையல்காரன் ஒருநாள் முதலாளியோடு சண்டைபிடித்துக்கொண்டு போய்விட, அடுப்பு அவளிடம் வந்தது. மகள் தேனுஜா பள்ளிக்கூடம் முடித்து, டுசல்டோர்ஃபில் வேலைக்கும் போய்விட்டாள். அடுப்பு இன்னும் அவளிடம்தான் இருந்தது.

இப்போது முதலாளிக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள். மறுவாழ்வு மருத்துவமனையில் நடை பழகிக்கொண்டிருந்தார். இனிமேல் கடை நடத்த ஏலாது என்று முடிவெடுத்துவிட்டார். கடையை எடுக்கும் இட்செல் உண்மையாகவே மெக்சிக்கோக்காரி. அவளுடைய கணவர் இந்த ஊர்க்காரர். வேலையாட்களை வைத்திருப்பதா இல்லையா என்பது அவள் விருப்பம். மற்றவர்களை அவள் ஏற்கெனவே பார்த்துப் பேசிவிட்டாள். சமையல்காரியை மட்டும் சமைக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்றாள்.

"அம்மா, இல்லையெண்டு சொன்னா விடுங்கோ. வயோதிபர் இல்லத்துக் கிச்சினில எப்பவும் ஆள் தேவை" என்று தேனுஜா சொன்னாள்.

அது சரிதான் என்று யோகத்துக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயதில் அது பாதுகாப்பான வேலையும்கூட. ஆனால் அந்தக் கடையின் அடுப்படியை நினைக்கும்போது அவளுக்குள் ஒரு பிடிவாதம் எழுந்தது. தனக்கு இப்படியொரு பிடிவாதம் இருக்கிறதென்று அவள் முன்பு அறிந்திருக்கவில்லை. இந்த நாட்டில் அவள் வரிசையில் நிற்காமல், யாரிடமும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் வேண்டியது அகப்படும் இடம் அந்தப் பன்னிரண்டு அடி மட்டும்தான்.

ஆனால் அந்த இடத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. யோகம் பிறவிச் சைவம். அவள் பிறந்த வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. இத்தனை வருடமாக இந்த ஊருக்கு மாட்டிறைச்சி டாக்கோ சமைத்துக் கொடுத்தவள் அதில் ஒரு வாயும் சாப்பிட்டதில்லை.

முதல் நாள் இறைச்சியைத் தொட்டபோது கை கூசியது. வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தாள். இரண்டாம் வாரம் கூச்சம் போய்விட்டது. அது வேலை. அவளுடைய கணவர் இராசலிங்கம் தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களைக் கழுவுகிற மாதிரி. கோயிலுக்குச் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லையே, மணத்திலேயே உப்புச் சொல்லுகிறார்களே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளும் அப்படித்தான் செய்தாள். குனிந்து ஆவியை முகர்வாள். எண்ணெய் பிரிகிற சத்தத்தைக் கேட்பாள். மிச்சத்துக்கு அலோசியஸ் இருந்தான்.

அலோசியஸ் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கத்தோலிக்கன். அவளைவிட எட்டு வயது இளையவன். பொரிக்கிறதும் கழுவுகிறதும் அவன் வேலை. கரண்டியை நீட்டினால் வாயைத் திறப்பான். "உப்பு ஒரு கிள்ளு அக்கா" என்பான். அல்லது "விடுங்கோ, இதுக்கு மேல தொட்டியளெண்டா பழுதாப்போம்" என்பான். கோபம் வந்தால் மட்டும், "உங்களுக்கு நாக்கு வாடகைக்கு விடுறன், முதலாளி எனக்குக் கழுவுறதுக்கு மட்டும்தான் சம்பளம் தாறார்" என்று முணுமுணுப்பான்.

சனம் அவளுடைய டாக்கோவைப் புகழ்ந்தது. ஆரம்பத்தில் முதலாளி டாக்கோ மசாலாவைப் பைக்கற்றில் வாங்குவார். ஒருமுறை அது முடிந்துபோய்விட, யோகம் வீட்டில் வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூளைப் போட்டாள். முதலாளி ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு, இனிமேல் பைக்கற் எடுக்கத் தேவையில்லை என்றார். சுரங்கம் மூடுவதற்கு முன் அங்கே நிலக்கரி வெட்டிய கிழவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். டாக்கோ என்றால் இந்த மணம்தான் என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். யாராவது அடுப்படிக்குள் தலையை நீட்டி நன்றாக இருந்தது என்று சொன்னால் யோகம் சிரிப்பாள். உள்ளே மட்டும் ஒரு வெறுமை. தொலைபேசியில் மட்டுமே பேசிய ஒரு சொந்தக்காரரைப் பற்றி ஆட்கள் கண்கலங்கிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல.

வெள்ளிக்கிழமை காலை அவள் தூள் போத்தலைக் கடை அலுமாரிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

அது முந்தின நாளே எடுத்த முடிவு. மெக்சிக்கோக்காரிக்கு முன்னால் யாழ்ப்பாணத் தூளோடு போய் நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தேனுஜாவின் உதவியோடு மெக்சிக்கோப் பெண்கள் சமைக்கிற காணொளிகளைப் பார்த்திருந்தாள். டோட்முண்டில் ஒரு கடையில் கறுத்துச் சுருங்கிய மிளகாய் வாங்கினாள். ஊறவைத்து அரைத்தாள். வினாகிரி, கராம்பு, கறுவா எல்லாம் சரியாகப் போட்டாள். இறைச்சி மெல்லக் கொதிக்கத் தொடங்கியது. குனிந்து முகர்ந்தாள்.

ஒன்றும் தெரியவில்லை.

மணம் வந்தது. நல்ல மணம்தான். முந்திரிகை வற்றலும் புகையும் கலந்த மாதிரி. ஆனால் அந்த மணம் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. உப்புக் கூடவா குறையவா, புளிப்பு முன்னுக்கு நிற்கிறதா பின்னுக்கு நிற்கிறதா, எதற்கும் அவளுடைய மூக்கிடம் பதில் இல்லை. முதன்முதலாகச் சந்திக்கிற ஒருவரின் முகத்தில் கோபமா களைப்பா என்று தெரியாமல் நிற்பது போல நின்றாள்.

"தம்பி, இஞ்ச வாரும்" என்று கரண்டியை நீட்டினாள்.

அலோசியஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாயைத் திறக்கப்போனவன் சட்டென்று பின்னால் போனான்.

"அக்கா, இண்டைக்கு வெள்ளியெல்லோ."

"ஓம், நான்தானே வெள்ளியெண்டு வைச்சனான். நல்ல நாள்."

"உங்களுக்கு நல்ல நாள். எனக்குத் தபசு காலம். நேற்று முந்தநாள்தான் நெத்தியில சாம்பல் பூசினவங்கள். தபசு கால வெள்ளியில இறைச்சி தொட ஏலாது."

யோகம் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "போன வருசம் என்ன செய்தனாங்கள்?"

"முதலாளி வந்து ருசி பாத்தவர். ஒவ்வொரு வருசமும் அவர்தான். இந்த வருசம் அவர் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறார்."

"ஐயோ, எனக்கு நினைவே வரேல்லை."

"மரணயோகம், அமிர்தயோகம் எல்லாம் பாப்பியள். பக்கத்தில நிக்கிற வேதக்காரன்ர கலண்டரைப் பாக்கமாட்டியள்" என்று அவன் தலையில் கைவைத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் யோகம் கொதிக்கிற சட்டியைப் பார்த்தாள்.

பின்கதவில் மணி அடித்தது. பியர்ப் பெட்டி கொண்டுவருகிற ஜெர்மன்காரன். அலோசியஸின் கண் பளிச்சென்றது. ஆளைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். ஒரு கரண்டி இறைச்சியைக் கொடுத்தார்கள். அவன் மென்று விழுங்கிப் பெருவிரலை உயர்த்தினான்.

"லெக்கர்!"

"உப்பு எப்படி?" என்று யோகம் கேட்டாள்.

"லெக்கர்!"

"புளிப்புக் கூடவா?"

"எல்லாம் லெக்கர்" என்று சொல்லி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"அவனுக்குக் கடதாசிப் பெட்டியைப் பொரிச்சுக் குடுத்தாலும் லெக்கர் எண்டுதான் சொல்லுவான்" என்றான் அலோசியஸ். யோகம் அடுப்பைக் குறைத்தாள். வேறு வழி இல்லை.

இட்செல் சொன்ன நேரத்துக்கு வந்தாள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். குள்ளமாக, அகன்ற தோளோடு இருந்தாள். ஒரு பையில் பாரமான இரும்புத் தட்டு அச்சும், ஈரத்துணியில் சுற்றிய சோள மாவும், கொஞ்சம் பச்சைத் தக்காளியும் மிளகாயும் கொண்டுவந்திருந்தாள். கைகுலுக்கிவிட்டு, "நீங்கள் இறைச்சியைப் பாருங்கள், நான் ரொட்டியைப் பார்க்கிறேன்" என்றாள். அவளுடைய ஜெர்மனும் யோகத்தின் ஜெர்மனைப் போலவே நொண்டியது, வேறு காலில்.

மாவை உருண்டை பிடித்து அச்சில் வைத்து அமத்தினாள். சூடான தட்டில் போட்டதும் ஒரு மணம் வந்தது. யோகம் திரும்பிப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மன் சொல்லைத் தேடினாள்.

இட்செல் வியப்போடு நிமிர்ந்தாள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்துத்தான் இந்த மாவை அரைக்கிறார்கள் என்றாள். ஆயிரக்கணக்கான வருடங்களாக அப்படித்தானாம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்கள் வெற்றிலையோடு போடுவோம்" என்றாள் யோகம். அதற்கு மேல் விளக்க ஜெர்மன் போதவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் அவளுக்குள் இறுகியிருந்த ஏதோ கொஞ்சம் இளகியது.

இட்செல் ரொட்டியில் இறைச்சியை வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, நின்றபடியே சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள். யோகம் அவளுடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழை இல்லை" என்றாள் இட்செல். "காணொளியில் பார்த்தீர்களா?"

"ஓம்."

"உப்புக் கூடிவிட்டது. வினாகிரியும் அடங்கவில்லை. நீங்கள் ருசி பார்த்தபோது தெரியவில்லையா?"

யோகம் அடுப்பின் விளிம்பைத் துடைத்தாள். இட்செல் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கரண்டிகளைப் பார்த்தாள். பிறகு யோகத்தைப் பார்த்தாள். "நான் வந்ததிலிருந்து நீங்கள் எதையும் வாயில் வைக்கவில்லை."

"நான் இறைச்சி சாப்பிடுவதில்லை."

"இன்றைக்கா?"

"என்றைக்குமே."

இட்செல் மீதி டாக்கோவைத் தட்டில் வைத்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் பிழைத்த ஒருத்தியின் முகமாக இருந்தது. "எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒவ்வொரு நாளும் நான் அடுப்பில் நிற்கமுடியாது. நான் இல்லாத நேரத்தில் நான் நம்பக்கூடிய ஒரு நாக்கு இங்கே வேண்டும். சமைத்ததைச் சாப்பிட முடியாத ஒருவரை அடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வராது." கொஞ்சம் நிறுத்தினாள். "வெட்டுகிறது, மா குழைக்கிறது, அந்த வேலைக்கு நீங்கள் இருந்தால் எனக்குச் சந்தோசம்."

யோகத்துக்கு விளங்கியது. அடுப்பிலிருந்து வெங்காயத்துக்கு. அவள் வந்த வழியே திரும்பிப்போவது. இட்செல் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. தன்னுடைய வீட்டுச் சமையலை ருசி பார்க்காத ஒருத்தியிடம் அவளும் கொடுத்திருக்கமாட்டாள். அதுதான் வலித்தது.

அலோசியஸ் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்தான். தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அக்கா, கரண்டியைத் தாங்கோ. நான் சரிப்படுத்தித் தாறன். யேசுவோட நான் பிறகு கதைச்சுக்கொள்ளுறன்."

"வேண்டாம்."

"ஒரு கரண்டிதானே. பாதரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்தாச் சரி."

"என்ர வேலைக்கு உம்மட நோன்பை முறிக்க வேண்டாம் தம்பி. விடும்."

அவள் தானே கரண்டியை எடுத்தாள். சிவந்த எண்ணெய் விளிம்பில் திரண்டு நின்றது. உதடுவரை கொண்டுபோனாள். ஒரு வாய். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இராசலிங்கம் நல்லதென்று சிரிப்பார். கடவுளைப் பற்றிய பயமா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இல்லை. கடவுள் அந்த நேரத்தில் அவளுடைய நினைவிலேயே இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறாள். பிள்ளையோடு பேசுகிற மொழியில் பாதி போயிற்று. பெயர் போயிற்று, எல்லா இடத்திலும் அவள் கணவரின் பெயரோடு ஃபிறவ் இராசலிங்கம்தான். நடுப்பகல் வெயிலும் சத்தமாகச் சிரிக்கிற பழக்கமும் போயின. எல்லாவற்றையும் யாராவது கேட்டார்கள், அல்லது கேட்காமலே அவள் கொடுத்தாள். அவளுடைய நாக்கை மட்டும் யாரும் கேட்டதில்லை. அது எங்கேயும் கைமாறாமல், முழுதாக, அவளுடையதாகவே இருந்தது. அதைப் பற்றி அவள் இதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை.

கரண்டியைக் கழுவும் தொட்டிக்குள் வைத்தாள்.

"முடியாது" என்றாள் ஜெர்மனில். "மன்னிக்கவும்."

இட்செல் தலையாட்டினாள். மாவைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

யோகம் மணிக்கூட்டைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. ஒருத்தி வீட்டுக்கு வந்து, நல்லதோ கெட்டதோ சொல்லிவிட்டு, அரை வயிற்றோடு போகப் புறப்படுகிறாள். அது கடை என்பதும், அவள் வருங்கால முதலாளி என்பதும் யோகத்தின் வாய்க்குத் தெரியவில்லை. "கொஞ்சம் இருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிட்டாள். "எங்களுடைய சாப்பாடு. வாடிக்கையாளர்களுக்கு இல்லை."

வெள்ளிக்கிழமைகளில் அவளும் அலோசியஸும் தங்களுக்காகச் செய்கிற சாப்பாடு அது. பெரிதாக ஒன்றும் இல்லை. கத்தரிக்காயைப் பொரித்து, வெங்காயத்தோடும் கொஞ்சம் பழப்புளியோடும் பிரட்டுவாள். அலுமாரியைத் திறந்து தூள் போத்தலை எடுத்தாள். தாச்சியில் தூள் விழுந்ததும் அடுப்படி பழைய அடுப்படியாயிற்று. கறிவேப்பிலை வெடித்தது. மிஞ்சிய கறுப்பு அவரையைச் சேர்த்து மசித்தாள். உள்ளங்கையில் ஒரு துளி வைத்து நக்கிப் பார்த்தாள். உப்பு ஒரு கிள்ளு போட்டாள். மறுபடியும் பார்த்தாள். தேசிக்காய் பிழிந்தாள். இத்தனையும் கை தன்பாட்டில் செய்தது. யாருக்கும் எதையும் காட்டவேண்டியிருக்கவில்லை. காட்டவேண்டிய நேரம்தான் முடிந்துவிட்டதே.

பாண் வாங்க மறந்த நாட்களில் தொடங்கிய பழக்கமாக, அவர்கள் அதைக் கடையின் சோள ரொட்டியில் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். இன்றைக்கு இட்செல் சுட்டு மிஞ்சியவை சூடாக இருந்தன. அலோசியஸ் ஒன்றை மடித்து, கால்களை அகட்டி, தலையைச் சரித்து, சாறு சட்டையில் படாமல் முன்னுக்குக் குனிந்து கடித்தான். இட்செலும் அதே மாதிரிக் குனிந்தாள். ஒரே முழங்கை, ஒரே சரிவு. ஊர்கள் எவ்வளவு தூரம் என்று யோகம் நினைத்தாள். இந்தக் குனிவை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. சாறு வடிகிற ஒன்றைக் கையில் பிடித்தால் உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. கடைக்கு வருகிற ஜெர்மன்காரர்களும் அப்படித்தான். கத்தியும் முள்ளும் எடுத்துத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்கோவின் மொறுமொறுப்பான சோள ஓடு நொறுங்கி எல்லாம் சிதறும். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டுக் கையால் எடுப்பார்கள். அப்போது அவர்களுடைய முகம் குழந்தை முகமாகும்.

இட்செல் ஒன்றை முடித்துவிட்டுக் கேட்காமலே இரண்டாவதை எடுத்தாள்.

"இந்த மணம்" என்றாள் வாய்க்குள் சாப்பாட்டோடு. "நான் தை மாதம் இங்கே வந்து சாப்பிட்டேன். யாருக்கும் சொல்லாமல். டாக்கோவே இல்லை அது, ஓடு பைக்கற்றில் வந்தது, மேலே மஞ்சள் சீஸ். ஆனால் இறைச்சியில் இந்த மணம் இருந்தது. அடுத்த கிழமை மறுபடி வந்தேன். எதற்காக வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்கு ஏன் இதைப் போடவில்லை?"

"இது மெக்சிக்கோ இல்லையே."

இட்செல் சிரித்தாள். "எங்களுடைய ஊரான புவெப்லாவில் ஒரு டாக்கோ இருக்கிறது. பெயரே அரபு டாக்கோ. அரபு நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆட்டிறைச்சியைக் கம்பியில் குத்திச் சுழற்றினார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கம்பியில் பன்றியைக் குத்தினார்கள். இன்றைக்கு அது புவெப்லாவின் பெருமை. அந்தப் பன்றியும் எங்களுடையது இல்லை, கப்பலில் வந்தது. மாடும் அப்படித்தான். மாடு வருவதற்கு முன்னரே சனம் ரொட்டியில் அவரையும் மிளகாயும் பூசணிப்பூவும் வைத்து இப்படி மடித்துச் சாப்பிட்டது."

"அப்ப டாக்கோ எண்டா என்ன?" என்று அலோசியஸ் ஜெர்மனில் கேட்டான்.

"ஒரு கதை இருக்கிறது. வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளக்க வெடிமருந்தைக் கடதாசியில் சுற்றிச் செருகுவார்களாம். அந்தச் சுருளுக்குத்தான் டாக்கோ என்று பெயராம். சுரங்கக்காரர் தங்களுடைய சாப்பாட்டையும் அப்படி அழைத்தார்களாம். உண்மையோ தெரியாது. என்னுடைய தகப்பன் நம்பமாட்டார்."

"இஞ்சயும் சுரங்கக்காரர்தானே வந்து சாப்பிடுகினம்" என்று அலோசியஸ் யோகத்துக்குத் தமிழில் சொன்னான். "அக்கா, நீங்கள் இவ்வளவு காலமும் ஊருக்கு வெடி வைச்சிருக்கிறியள்."

இட்செல் விரலை நக்கினாள். "இதை யார் ருசி பார்த்தது?"

"நான்தான்" என்றாள் யோகம்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே வேறுமாதிரிக் கேட்டது. இத்தனை வருடமாக இந்த அடுப்படியில் அவள் சொல்லாத சொல். தன் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். மடித்து, குனிந்து, எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருக்கவில்லை. மிச்சம் மீதி என்றுதான் நினைத்திருந்தாள். டாக்கோவின் ருசி தனக்குத் தெரியாதென்று எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் அவள்தான்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். பேசவேண்டியதை முதலில் தமிழில் நினைத்தாள். பிறகு ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"நான் இனி இறைச்சி சமைக்கமாட்டேன். என் நாக்குக்குத் தெரிந்ததைச் சமைக்கிறேன். கத்தரிக்காய், அவரை, உருளைக்கிழங்கு, காளான், பூசணி. அதில் எதைக் கேட்டாலும் என்னை நம்பலாம். இறைச்சிக்கு அலோசியஸ் இருக்கிறார். எனக்கு இவ்வளவு காலமும் ருசி பார்த்துச் சொன்னது அவர்தான். அவருடைய கையை நான் பழக்கிவிடுகிறேன். வெட்டுகிற வேலைக்கு என்றால் நான் வரவில்லை."

சொல்லி முடித்ததும் வயோதிபர் இல்லத்துச் சமையலறையை நினைத்தாள். அங்கே போனாலும் சரி என்று தோன்றியது. அது தோல்வியாக இருக்காது, இதைச் சொல்லிவிட்டுத்தானே போகிறாள்.

"அக்கா, என்னைக் கேக்காமலே என்னை அடுப்பில வைச்சிட்டியள்" என்றான் அலோசியஸ். ஆனால் அவன் நிமிர்ந்து நின்ற விதம் வேறாக இருந்தது.

இட்செல் தட்டை ஒதுக்கி வைத்தாள். "ஹம்மில் சனம் இறைச்சிக்குத்தான் வரும்" என்றாள். பிறகு அலோசியஸைப் பார்த்தாள். "நீங்கள் அந்த இறைச்சியை இப்போது சரிப்படுத்த முடியுமா?"

"நாளைக்கு முடியும்" என்றான் அவன். "இன்றைக்கு எனக்கு நோன்பு."

இட்செல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்திக்கு என்றைக்கும் இல்லை, மற்றவனுக்கு இன்றைக்கு இல்லை. அப்படியொரு மாட்டிறைச்சிக் கடை. அவளுடைய தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் கத்தோலிக்கப் பெண்தான்" என்றாள். "தபசு கால வெள்ளியில் இறைச்சியைத் தின்றுவிட்டேன். என்னுடைய தாய் அறிந்தால் விமானம் ஏறி வருவாள்."

சிரிப்பு ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்தாள். "மூன்று மாதம் பார்ப்போம். இறைச்சியில்லாத டாக்கோ முழுக்க உங்களுடையது. உங்களுடைய பெயரிலேயே பலகையில் எழுதுவேன். சனம் சாப்பிடாவிட்டால் மறுபடி இருந்து பேசுவோம். நான் பொய் வாக்குக் கொடுக்கமாட்டேன்."

"வேண்டாம்" என்றாள் யோகம். "மூன்று மாதம் போதும்."

"பெயர் என்ன எழுத? ஃபிறவ் இராசலிங்கம்?"

"அது என்னுடைய மனிசன். அவருக்குத் தேத்தண்ணியும் போடத் தெரியாது." அவள் தன் பெயரைச் சொன்னாள். இட்செல் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள்.

ஐந்து மணிக்குக் கடை திறக்கவேண்டும். இட்செல் போகவில்லை. மேலங்கியைக் கொழுவிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினாள். கொண்டுவந்த பச்சைத் தக்காளிகளையும் மிளகாயையும் சுட்டு அரைத்து ஒரு சம்பல் செய்தாள். மேலே கொத்தமல்லி தூவினாள். ஒரு கரண்டியில் எடுத்துக் கொஞ்சம் தயங்கி, யோகத்தின் பக்கம் நீட்டினாள்.

யோகம் வாங்கினாள். நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு வந்தது. பிறகு சுட்ட மணம். கடைசியில், நேரமெடுத்து, மிளகாய். இதுவரை அறியாத ருசி. ஆனால் அது என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இட்செல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புக் காணாது" என்றாள் யோகம்.

இட்செல் தானும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு எட்டி உப்பை எடுத்தாள்.